முள்ளம்பன்றி வளர்த்த ஆமை

காட்டுக் குளத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு வளையில் கிலுக்கன் என்ற முள்ளம்பன்றி தனியாக வாழ்ந்து வந்தான். அவன் ஆசையாக அருகில் போனாலே மற்ற பிராணிகள் ஓடிவிடும். "ஐயோ, முள் குத்தும்!" என்று முயல்கூட விலகி உட்காரும்.

ஒரு கோடையில் குளம் வற்றிச் சேறாகிவிட்டது. வழி தெரியாமல் அலைந்த ஆமைக் குஞ்சு ஒன்று கிலுக்கன் மேலேயே வந்து மோதியது.

"வலிக்கிறதா?" என்று அவன் பதறினான்.

"இல்லையே! எனக்குத்தான் ஓடு இருக்கிறதே!" என்றது ஆமை.

கிலுக்கனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆமையை வளைக்குத் தூக்கி வந்தான். பொட்டு என்று பெயர் வைத்தான். வளைக்குள் ஒரு பாறைக் குழியில் ஊற்றுத் தண்ணீர் கசியும். அதில் பொட்டுவை விட்டு, தனக்குப் பிடித்த கிழங்கையே அதற்கும் கொடுத்தான். பகலெல்லாம் இருட்டில் இருவரும் சுகமாகத் தூங்கினார்கள்.

மழை பெய்து குளம் நிரம்பியது. பொட்டுவோ வாடிக்கொண்டே வந்தது. கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. ஓடு ஊறிய தோல்போல இளகிவிட்டது. பயந்துபோன கிலுக்கன் குளத்து நீர்க்கோழியிடம் ஓடினான்.

"வெயிலே படாமல் வைத்திருக்கிறாயா? வெயில் காய்ந்தால்தானே ஆமைக்கு ஓடு இறுகும்! நத்தை, புழு தின்ன வேண்டிய பிள்ளைக்கு வெறும் கிழங்கா? உடனே குளத்துக்குக் கொண்டு வா!" என்றது நீர்க்கோழி.

"குளத்தில் விட்டால் என்னை விட்டுப் போய்விடுமே, அக்கா!"

"உன் வளையிலேயே இருந்தால் உலகத்தை விட்டே போய்விடும்!"

கிலுக்கன் வளைக்குத் திரும்பினான். விடிந்ததும் பொட்டுவைக் கவ்விக்கொண்டு வந்து, குளத்தில் சாய்ந்து கிடந்த மரத்தின் மேல் வைத்தான். வெயிலில் அவன் கண் கூசியது. ஆனாலும் பருந்து வந்துவிடுமோ என்று பக்கத்திலேயே காவல் இருந்தான். தினமும் அப்படியே செய்தான். நீர்க்கோழி நத்தை பொறுக்கிக் கொடுத்தது. மெல்ல மெல்லப் பொட்டுவின் கண் திறந்தது, ஓடும் கெட்டியானது.

ஒருநாள் 'தொபுக்'கென்று சத்தம். மரத்தின் மேல் பொட்டு இல்லை! கிலுக்கன் பெருமூச்சு விட்டு, வீட்டுப் பக்கம் நடந்தான்.

"எங்கே கிளம்பிவிட்டீர்கள், அண்ணா?" தண்ணீருக்கு மேலே சின்னத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

"நீ போய்விட்டாய் என்று நினைத்தேன்!"

"நீந்திப் பார்த்தேன், அவ்வளவுதான்! என்னால் உங்கள் வளையில் இருக்க முடியாது. ஆனால் நீங்கள் இங்கே வரலாமே! கரை மண் தோண்டுவதற்கு எவ்வளவு இளக்கமாக இருக்கிறது, பாருங்கள்!"

கிலுக்கன் அன்றே தோண்டத் தொடங்கினான். சாயங்காலம் புது வளையின் வாசலில் அவன் கிழங்கைக் கடிக்க, பொட்டு நத்தையைக் கடிக்க, இருவரும் இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் மேல் அன்பு வைத்தால், அவருக்கு எது நல்லது என்று அறிந்து அதன்படி நடக்க வேண்டும்.