பூளையைப் பார்க்க வந்தவர்கள்

அன்று வரிச்சி என்னும் காட்டுப்பூனையின் குகையில் இருந்தவர்கள் இவர்கள்: காட்டுக்குத் தலைவராகத் தம்மைத் தாமே அமர்த்திக்கொண்ட மயில், குளக்கரையில் வாழும் நாரை, யார் வீட்டில் எது நடந்தாலும் உணவு வேளையில் வந்து சேரும் பெருச்சாளி, நெடுந்தொலைவிலிருந்து நடந்து வந்த ஆமை, வீட்டுக்காரி வரிச்சி. அவளுடைய குட்டி பூளையும் அங்கே இருந்தது. நோயுற்றது அதுதான். ஆயினும் அதன் பெயர் இங்கே கடைசியில் வருகிறது; வந்திருந்தவர்கள் அதைக் கடைசியாகத்தான் நினைத்தார்கள்.

காலையில் பூளை நலமாக இருந்தது. தன் வாலைத் தானே துரத்தி விளையாடியது. பிறகு, தாய் பாராத வேளையில், சேற்றில் ஒதுங்கிக் கிடந்த செத்த மீன் ஒன்றைத் தின்றது. வெயில் ஏறியதும் வயிறு உப்பிச் சுருண்டு விழுந்தது. வாயில் நுரை தள்ளியது.

வரிச்சி குட்டியின் வாயை முகர்ந்தாள். அழுகிய மீனின் நாற்றம் வந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. குகைக்கு எதிரே குளக்கரையில் அருகம்புல் தழைத்திருந்தது. அதை மென்று விழுங்கினால் வயிற்றில் உள்ளது வெளியே வந்துவிடும். பூனை இனம் முழுவதும் அறிந்த வைத்தியம் அது.

"அம்மா, வலிக்கிறது!" என்று முனகியது பூளை.

"கொஞ்சம் பொறு, கண்ணே. இதோ கரைக்குப் போய்விடலாம்" என்று வரிச்சி குனிந்து குட்டியின் பிடரியைக் கவ்வினாள்.

அப்போது வாசலில் ஒரு குரல் எழுந்தது.

"வரிச்சி! பூளைக்கு உடம்பு சரியில்லையாமே! கேள்விப்பட்டவுடன் ஓடி வந்தேன்!"

மயில் வந்து நின்றது. வரிச்சி குட்டியைக் கீழே விட்டாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியைப் பார்க்க வந்தவரை வரவேற்று, அமர்த்தி, உண்ணக் கொடுத்து அனுப்ப வேண்டும். அவர் எழுந்து போகும்வரை வீட்டுக்காரர் வெளியே போகக் கூடாது. எவ்வளவு பசித்தாலும் விருந்தினரைத் தின்னவும் கூடாது. கடைசி விதி ஒன்றுதான் அறிவுள்ளது. மற்றவற்றை யார் வகுத்தார்கள் என்று எவரும் கேட்டதில்லை.

மயில் நான்கு புறமும் பார்த்தது. குகையில் ஈரமில்லாத இடம் ஒன்றே ஒன்று. அங்கே சருகுப் படுக்கையில் பூளை கிடந்தது.

"என் தோகை நனையக் கூடாது, வரிச்சி. குட்டி சிறியதுதானே? கொஞ்சம் தள்ளிப் படுக்கட்டும்!"

குட்டி ஈரக் கல்லுக்குத் தள்ளப்பட்டது. தோகை சருகின்மேல் விரிந்தது.

அடுத்து நாரை வந்தது. "அடி வரிச்சி, இப்படித்தான் எங்கள் சித்தப்பா மகளுக்கும் நுரை தள்ளியது. பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்! நீ ஒன்றும் கவலைப்படாதே!" என்று ஆறுதல் சொன்னது.

பெருச்சாளி ஒரு கொத்து நாவற்பழத்துடன் வந்தது. பூளையை எட்டிப் பார்த்தது. "அடடா, வயிறு உப்பியிருக்கிறதே! இதற்குப் பழம் ஆகாது" என்று கூறி அந்தப் பழங்களைத் தானே தின்றது. தின்று முடித்ததும், "வேறு என்ன இருக்கிறது, அக்கா?" என்று கேட்டது.

"கிழங்குதான் இருக்கிறது. மண்ணுக்குள் இருக்கிறது" என்றாள் வரிச்சி.

"இருக்கட்டும்! நான் காத்திருக்கிறேன். பூனை வீட்டில் அச்சமின்றி உட்கார்ந்து தின்பதற்கு எனக்கு வேறு எப்போது வாய்க்கும்?"

வரிச்சி குகையின் ஓரத்தில் மண்ணைக் கிளறினாள். பூனை ஒருத்தி பெருச்சாளிக்குக் கிழங்கு தோண்டிக் கொடுத்த கேவலமும் அன்று நடந்தது.

ஆமை வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. "நான் உன் குட்டியைப் பார்க்கக் கிளம்பியவன் அல்லன், அம்மா. நாரையின் குஞ்சைப் பார்க்கத்தான் கிளம்பினேன். பாதி வழியில் அது இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நடந்த நடை வீணாகக் கூடாது பார்! நல்ல வேளையாக உன் குட்டிக்கு முடியாமல் போயிற்று!"

வரிச்சி பல்லைக் கடித்துக்கொண்டு மயிலின் பக்கம் திரும்பினாள். "பெரியவரே, எல்லோரும் கொஞ்சம் இருங்கள். குட்டியைக் கரைவரை கொண்டுபோய்ப் புல் தின்னக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்."

மயிலின் கழுத்து நிமிர்ந்தது. "வந்தவர்களை உட்கார வைத்துவிட்டு வீட்டுக்காரி போவதா?"

"குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் நாங்கள் யாரைப் பார்ப்பது?" என்றது பெருச்சாளி, வாய் நிறையக் கிழங்குடன்.

"எனக்கு இன்னும் குடிக்கத் தண்ணீர்கூடத் தரவில்லை" என்றது ஆமை.

வரிச்சி தண்ணீர் கொடுத்தாள். மயில் தன் தோகையின் கண்கள் எத்தனை என்று விவரிக்கத் தொடங்கியது. அதை அவள் கேட்டாள். பெருச்சாளி இன்னொரு கிழங்கு கேட்டது. அதையும் தோண்டினாள். ஈரக் கல்லின்மேல் பூளையின் முனகல் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் நின்றேபோயிற்று.

"பார்த்தீர்களா!" என்று மயில் மகிழ்ந்தது. "நாம் வந்து உட்கார்ந்ததும் குட்டி அழுகையை நிறுத்திவிட்டது!"

"நிறுத்தவில்லை! அழுவதற்கு வலுவில்லை!" என்று வரிச்சி கத்தினாள். "நாரை அக்கா, நீயாவது இவர்களுக்குச் சொல்லேன்! நீயும் குஞ்சு பெற்றவள்தானே?"

நாரை நெடுங்கழுத்தை நீட்டி அவளைக் கடிந்துகொண்டது.

"என்னடி பேச்சு இது! என் குஞ்சு கிடந்தபோது நான் இப்படியா கத்தினேன்? அதன் தொண்டையில் மீன் முள் சிக்கியிருந்தது. என் அலகை உள்ளே விட்டு எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் நீங்கள் எல்லோரும் வந்துவிட்டீர்கள். உங்களுக்கு மீன் பிடித்துப் போட வேண்டாமா? நாள் முழுதும் பிடித்துப் போட்டேன். நீகூட வயிறாரத் தின்று, என் வீட்டு மீனைப்போல் எங்குமில்லை என்று புகழ்ந்தாயே!"

"முள்ளை எடுக்கவேயில்லையா?" என்று கேட்டாள் வரிச்சி. அவள் குரல் அடங்கியிருந்தது.

"குஞ்சு போய்விட்டது. ஆனால் வந்தவர்களுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை!" என்றது நாரை பெருமையுடன்.

"அதை இன்றும் இந்தக் காடே சொல்லும்!" என்று மயில் தலையசைத்தது.

வரிச்சி எழுந்தாள். அவள் முதுகில் மயிர் சிலிர்த்து நின்றது.

"நாரை அக்கா! அன்று நான் உன் வீட்டில் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றேன். உன் குஞ்சுக்கு என்ன நோய் என்று கேட்கவில்லை. நான் தின்ற மீன் ஒவ்வொன்றும் உன் அலகு அதன் தொண்டைக்குப் போகாமல் தடுத்த மீன்! அது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. இன்று இவர்கள் என் வீட்டில் அமர்ந்து கிழங்கு தின்கிறார்கள். படுக்கையைப் பறித்துக்கொண்டு தோகையை விரிக்கிறார்கள். என் குட்டி கல்லின்மேல் சாகிறது! இதற்குப் பெயர் மரியாதையா?"

"வழக்கம் என்று ஒன்று..." என்று மயில் தொடங்கியது.

"வழக்கம் இந்தக் கணத்தோடு முடிந்தது! நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். திரும்பி வரும்போது உள்ளே இருப்பவர் எவராயினும் விருந்தினர் அல்லர். எனக்கு இரை!"

அவள் பூளையைக் கவ்விக்கொண்டு பாய்ந்தாள்.

முதலில் ஓடியது பெருச்சாளிதான். கையில் இருந்த கிழங்கை மட்டும் விடவில்லை. ஆமை தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. மயில் தோகையைச் சுருட்டியபடி வாசலை நோக்கி நகர்ந்தது. "என்ன திமிர்! குட்டி எப்படி இருக்கிறது என்று நான் இன்னும் கேட்கக்கூட இல்லையே!" என்று பொருமியது.

நாரை மட்டும் அசையவில்லை. குகையிலிருந்து பார்த்தால் குளக்கரை நன்றாகத் தெரியும். வரிச்சி அருகம்புல்லைத் தன் வாயில் மென்று, குட்டியின் வாயைத் திறந்து ஊட்டினாள். தொண்டையை நக்கி நக்கி உள்ளே இறக்கினாள். பூளையின் உடல் ஒருமுறை குலுங்கியது. மறுபடியும் குலுங்கியது. அழுகிய மீன் முள்ளும் தோலுமாக வெளியே வந்து விழுந்தது. சிறிது நேரத்தில் குட்டி தலையைத் தூக்கி, "அம்மா, தண்ணீர்!" என்றது.

"அவ்வளவுதானா!" என்று ஓட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த ஆமை வியந்தது. "ஒரு வாய்ப் புல்லில் முடிகிற காரியத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? நாரையம்மா, உங்கள் குஞ்சுக்கும் ஒரு நொடி வேலைதானே இருந்திருக்கும்?"

நாரை தன் நீண்ட அலகைக் கீழே தாழ்த்தி, அதன் நுனியை நெடுநேரம் பார்த்தது. பிறகு மயிலைக் கடந்து வெளியே நடந்து போயிற்று.

நோயாளியைக் காக்க வேண்டியவரைத் தனக்கு உபசாரம் செய்ய வைப்பவன் நலம் விசாரிக்க வந்தவன் அல்லன். நோய்க்குத் துணையாக வந்தவன்.