ஒன்பது மெத்தைக்கு மேலே

முன்னொரு காலத்தில் வீரகேசரி என்றொரு மன்னர் இருந்தார். எந்த நாடு என்பது கதைக்கு வேண்டாம். அவருக்குப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. புரண்டு புரண்டே பொழுது விடிந்துவிடும். காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

பள்ளியறைக்கு அதிகாரி சேந்தப்பர். முதுகு வலிக்கிறது என்று மன்னர் சொன்ன அன்றைக்கே இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைக் கூடுதலாகப் போட்டார். மன்னர் மகிழ்ந்துபோய் ஒரு பட்டுச் சால்வை கொடுத்தார். ருசி கண்டுவிட்ட சேந்தப்பர் அதன்பிறகு முனகலுக்கு ஒரு மெத்தை ஏற்றினார், மெத்தைக்கு ஒரு சால்வை வாங்கினார். ஒன்பதாவது மெத்தை வந்தபோது மன்னர் ஏணி வைத்து ஏறவேண்டியிருந்தது. படுத்தால் சேற்றில் மாட்டிய எருமைபோல இடுப்பு உள்ளே போய்விடும். தலையும் காலும் மேலே நிற்கும்.

தூங்காத ஆளின் கையில் நாடு இருந்தால் என்ன ஆகும்? வழக்குக் கேட்கும்போதே கண் சொருகும். திடுக்கிட்டு விழித்து, பொருளைத் திருட்டுக் கொடுத்தவனையே சிறையில் போடச் சொல்லுவார். கடைசியில், கோளாறு பஞ்சில்தான் என்று சேந்தப்பர் அவர் காதில் ஓதினார். மெத்தை தைத்துக் கொடுத்த உமையாளைப் பிடித்து வந்தார்கள். தான் தூங்கும்வரை இவளும் தூங்கக்கூடாது என்று மன்னர் உத்தரவு போட்டார். சபைக்கு வெளியே தூணோரம் அவளை உட்காரவைத்து, கண் மூடினால் குத்தி எழுப்பக் கம்போடு ஒரு சேவகனையும் நிறுத்தினார்கள்.

அரண்மனை விகடன் திருமேனி வெளியூர் போயிருந்தவன் மூன்றாம் நாள் திரும்பினான். தூணோரம் உமையாள் தண்ணீர்ச் செம்பை வாயில் சாய்ப்பதாக நினைத்துக் கன்னத்தில் சாய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே நின்று அழுத சொந்தப் புருஷனைப் பார்த்து, நீங்க யாரு என்று கேட்டாள். திருமேனி பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தான். அவள் வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"பஞ்சுல ஒரு கொட்டை கிடையாது ஐயா. ஒண்ணுக்கு மேல போடாதீங்க, இடுப்பு பள்ளத்துல இறங்கிரும்னு அதிகாரிகிட்ட அன்னைக்கே சொன்னேன்."

அன்று சபையில் திருமேனி வேடிக்கை பேசவில்லை. "மன்னா, மூன்று நாள் தூக்கம் பிடுங்கப்பட்டவள் கட்டிய கணவனையே மறந்துவிட்டாள். மூன்று மாதம் தூங்காத தாங்கள் நீதியை மறந்துவிட்டீர்கள். குற்றம் பஞ்சில் இல்லை, அதை அடுக்கியவரிடம் இருக்கிறது" என்றான்.

திருமேனியை ஒழித்துக்கட்ட நெடுநாளாகக் காத்திருந்த சேந்தப்பர் முந்திக்கொண்டார். அப்படியானால் இன்றே விகடர் மன்னரைத் தூங்கவைக்கட்டும் என்றார். மருந்து கூடாது. பாட்டு கூடாது. ஒரு மெத்தைகூடப் பள்ளியறையை விட்டு வெளியேறக்கூடாது. மன்னர் தரையில் படுக்கக்கூடாது, ஒன்பது மெத்தைக்கும் மேலேதான் படுக்கவேண்டும். தவறினால் விகடரும் அந்தத் தூணோரம் உட்காரட்டும்.

மன்னர் கொட்டாவி விட்டபடி சம்மதித்தார்.

"ஒன்பதும் அறைக்குள் இருக்கவேண்டும், மன்னர் அவற்றுக்கு மேலே இருக்கவேண்டும். அவ்வளவுதானே?" என்று திருமேனி கேட்டான். அவ்வளவுதான் என்று சேந்தப்பர் சபையறியச் சொன்னார்.

பகல் முழுக்கப் பள்ளியறைக் கதவு சாத்தியே இருந்தது. திருமேனி ஒன்பது மெத்தைகளையும் இறக்கி, உயரமான அந்தத் தேக்குக் கட்டிலுக்கு அடியில் நான்கு கால்களுக்கும் நடுவே மிதித்து மிதித்துத் திணித்தான். மேலே வெறும் பலகை. அதில் ஒரு கோரைப்பாய் விரித்து, நான்காக மடித்த ஜமுக்காளம் ஒன்றைப் போட்டான். படுக்க வந்த மன்னர் முகம் சுளித்தார். ஆனால் சண்டை போடக்கூட அவருக்குத் தெம்பில்லை. சாய்ந்தார்.

மறுநாள் வெயில் ஏறியும் மன்னர் சபைக்கு வரவில்லை. உச்சிப்பொழுதில் வந்தார். இடுப்பில் கை இல்லை. முகம் தெளிந்திருந்தது.

சேந்தப்பர் பதறி எழுந்து, மன்னரைக் கட்டைமேல் கிடத்திய துரோகி இவன் என்றார்.

"மெத்தைகள் ஒன்பதும் அறையில்தான் இருக்கின்றன. மன்னர் ஒன்பதுக்கும் மேலேதான் படுத்தார். மேலே என்றுதான் உத்தரவு. ஒட்டிப் படுக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை" என்றான் திருமேனி.

மன்னருக்குச் சிரிப்பு பொங்கியது. வாய்விட்டுச் சிரிக்கப் போனவரைத் திருமேனி கை உயர்த்தித் தடுத்தான். அவன் முகத்தில் கோபம் இன்னும் ஆறவில்லை.

"மெதுவாக, மன்னா. தாங்கள் தூங்கிவிட்ட சேதி வந்ததும் சேவகன் கம்பைக் கீழே போட்டான். அவள் உட்கார்ந்த இடத்திலேயே கருங்கல்லில் சாய்ந்துவிட்டாள். இப்போது எழுப்பினால் அது இரண்டாவது பாவம்."

மன்னர் எழுந்துபோய் வாசலில் நின்று பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருக்க உமையாள் தூங்கிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தார். திரும்பியபோது குரலைத் தாழ்த்தி, அவள் தானாக விழிக்கும்வரை அரண்மனையில் மணி அடிக்கக்கூடாது, முரசு ஒலிக்கக்கூடாது என்றார். அவளுக்கு விடுதலையும் கேட்டதெல்லாமும் கொடுக்கச் சொன்னார். சால்வைகள் அத்தனையையும் திருப்பி வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாய் அவளுக்குப் போர்த்தச் சொன்னார். முற்றத்துக் காக்கைகளைச் சத்தமில்லாமல் விரட்டும் வேலை சேந்தப்பருக்குக் கிடைத்தது.

பட்டும் தலைப்பாகையுமாக அவர் காக்கைகளுக்கு முன்னால் கையை மட்டும் ஆட்டிக்கொண்டு குதிப்பதைப் பார்த்த மன்னர், அங்கவஸ்திரத்தை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் நீர் வழிய, தன் கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றித் திருமேனிக்குப் பூட்டினார், அது கிணுகிணுக்காதபடி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே.