ஏழாவது வடு

தேவநேசனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, தன்னைவிடப் பத்து வயது இளையவரான மெஹருன்னிசாவிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர். கல்லாகிப்போன இலைகளில் பூச்சிகள் விட்டுச்சென்ற அடையாளங்களை வகைபிரிப்பது அவர் வேலை. இது தின்ற தழும்பு, இது முட்டையிடத் துளைத்த வடு என்று நான்கு வருடம் பார்த்திருந்தார்.

அன்று மூன்று மணிக்குத் தேர்வுக்குழு வரவிருந்தது. பதினொன்றரைக்குக் கையில் ஒரு கல்லோடு மெஹருன்னிசாவின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், ஏழாவது வடு..."

கல்லை நீட்டினார்.

அவருடைய ஆய்வே அந்தக் கல்லிலிருந்த ஒரு இலையை நம்பித்தான் இருந்தது. நடுநரம்பை ஒட்டி ஏழு முட்டை வடுக்கள். முதல் ஆறும் நேர்கோடு. ஏழாவது விலகியிருந்ததால் வரிசை கொக்கிபோல வளைந்தது. அப்படியொரு வரிசையை இதுவரை யாரும் பதிவு செய்ததில்லை. புது வகை என்று எழுதியிருந்தார்.

மெஹருன்னிசா கல்லை வாங்கி நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஆறுலயும் விளிம்பு தடிச்சுக் கறுத்திருக்கு. ஏன்?"

"குத்தினப்போ இலை உயிரோட இருந்திருக்கு. காயத்தை ஆத்திக்கிட்டிருக்கு."

"ஏழாவதுல?"

"விளிம்பு இல்ல."

"ஏன்?"

"கல்லு ஆத்திக்காது மேடம்." என்றார் தேவநேசன். "மண்ணைச் சுரண்டுறப்போ என் ஊசி பட்டிருக்கு. இன்னைக்குக் காலையிலதான் பாத்தேன். சத்தியமா."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. போட்டோவுல கண்டுபிடிக்க முடியாது. அவங்க கல்லைக் கேட்டாத்தான்..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். "நான் என்ன செய்யட்டும் மேடம்?"

மெஹருன்னிசா எழுந்து அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்தார். அந்த இலைக்கான பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

"எழுதினா நாலு வருஷமும் போச்சு" என்றார் தேவநேசன். "வேலையையும் விட்டுட்டு வந்தவன் நான். வீட்டுல என்னன்னு சொல்வேன்?"

"போனாலும் போகலாம்" என்றார் மெஹருன்னிசா.



'வடுவை உண்டாக்கியது' என்று அச்சிட்டிருந்த கட்டத்தின்மேல் மெஹருன்னிசா விரலை வைத்தார்.

"நானூத்திப் பன்னிரண்டு இலை பாத்திருக்கீங்க. எல்லாத்துலயும் இந்த எடத்துல 'தெரியவில்லை'ன்னுதான் எழுதியிருக்கோம். எந்தப் பூச்சின்னு ஒரு தடவைகூட நம்மால சொல்ல முடிஞ்சதில்ல."

பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இந்த ஒரு வடுவுக்குத்தான் பேர் தெரியுது."

தேவநேசன் உட்கார்ந்து, அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதினார்.