நேராகக் குதித்த மான்கள்

ஒரு காட்டில், மழை பொய்த்துப்போன ஒரு வருடத்தில், முப்பது புள்ளிமான்கள் ஒரே கூட்டமாக வாழ்ந்து வந்தன. அவை தங்கும் மூங்கில் தோப்புக்கும் மேயும் புல்வெளிக்கும் நடுவே பாறைகள் நிறைந்த ஆழமான பள்ளம் ஒன்று இருந்தது. மேயப் போகும்போது மான்கள் மெல்லச் சுற்றுவழியில் போகும். செந்நாய்கள் துரத்தினால் பாய்ந்து வந்து, ஒரே தாவலில் அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடும். செந்நாய்களால் அவ்வளவு தூரம் தாண்ட முடியாது.

ஆகவே குழந்தைகளே, அந்த மான்களுக்குக் கால்தான் உயிர்.

அந்தக் கோடையில் அடுத்தடுத்து மூன்று மான்கள் பள்ளத்தைத் தாண்டும்போது கால் முறிந்து விழுந்தன. கூட்டத்தின் தலைவனான வன்கொம்பன் என்ற ஆண்மானுக்குத் தூக்கம் போயிற்று. அது குளக்கரைக்குப் போய், அங்கே நின்றிருந்த நாரையைப் பார்த்தது.

"நாரையே, நாள் முழுவதும் அசையாமல் நின்று கவனிப்பவள் நீ. எங்களில் அடுத்து யார் விழுவார் என்று உன்னால் முன்கூட்டியே சொல்ல முடியுமா?"

"யார், என்றைக்கு என்று சொல்ல முடியாது தலைவரே," என்றது நாரை. "ஆனால் ஒரு மான் எப்படிக் குதிக்கிறது, எப்படிக் காலூன்றுகிறது என்று பார்த்தால், எந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லலாம். கால் முறிவதற்கு வெகுநாள் முன்பே நடை கோணத் தொடங்கிவிடும்."

குளக்கரையில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. நாரை சொன்னபடி மான்கள் ஒவ்வொன்றாக அதைத் தாண்டி, மறுபுறம் இருந்த ஈரக் களிமண்ணில் குதித்தன. நாரை முதலில் மானைப் பார்க்கும். பிறகு குனிந்து களிமண்ணில் பதிந்த குளம்படிகளைப் பார்க்கும்.

குன்றி என்ற பெண்மான் குதித்தபோது நாரை, "இன்னொரு முறை தாண்டு," என்றது. குன்றி மறுபடி தாண்டியது. அதன் வலது முன்னங்கால் முட்டி உட்புறமாக மடங்கியது. வலது குளம்படி மட்டும் சாய்ந்து பதிந்திருந்தது.

"வலிக்கிறதா குன்றி?"

"கொஞ்ச நாளாகவே வலிக்கிறது அக்கா," என்று குன்றி ஒளிக்காமல் சொன்னது.

நாரை தலைவனிடம் சொன்னது: "குன்றி இரண்டு மாதத்துக்குப் பள்ளத்தைத் தாண்ட வேண்டாம். தினமும் மணல்மேட்டில் மெல்ல ஏறி இறங்கட்டும். முட்டி பலப்பட்டுவிடும். அதுவரை கூட்டத்தின் நடுவில் வைத்துக் காப்பாற்றுங்கள்."

வன்கொம்பன் குன்றியை மேலும் கீழும் பார்த்தது. "தாண்ட முடியாத மானுக்கு நடுவில் இடமா? நல்ல கால் உள்ளவர்கள் நடுவில் மேயட்டும். இவள் முள்காட்டு ஓரத்தில் மேயட்டும்."

"தலைவரே, நான் காப்பாற்றுவதற்காக அல்லவா சொன்னேன்!"

"பார்ப்பது உன் வேலை. முடிவெடுப்பது என் வேலை," என்றது வன்கொம்பன்.

குன்றி ஓரத்துக்குப் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் அது அங்கே இல்லை. முள்ளில் சிக்கிய கொஞ்சம் மயிரும், புல்லில் ஏதோ இழுபட்டுப்போன தடமும்தான் இருந்தன. மான்கள் எல்லாம் வந்து பார்த்தன. பார்த்துவிட்டு, தங்கள் கால்களையும் பார்த்துக்கொண்டன.

அன்று முதல் தோப்பில் ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. யாரும் யாரிடமும் சொல்லாமல், ஆளுக்கொரு புதர் மறைவில் நேராகக் குதிக்கப் பழகின. வலிக்கிற காலை எப்படி ஊன்றினால் தடம் நேராக விழும், எந்தக் காலில் பாரத்தைத் தள்ளினால் முட்டி மடங்காது என்று ஒவ்வொன்றும் தனக்குத்தானே கற்றுக்கொண்டது.

அடுத்த மாதம் நாரை மறுபடி கூட்டத்தைப் பார்வையிட்டது. மரத்தைத் தாண்டிய ஒவ்வொரு மானும் நேராகக் காலூன்றியது. ஒரு தடம்கூடச் சாயவில்லை.

நாரைக்கு மகிழ்ச்சி வரவில்லை. கடைசியாகக் குதித்த செவ்வி என்ற தாய்மானின் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டது. "உன் தடம் நேராகத்தான் இருக்கிறது. ஆனால் குதிக்கும்போது ஏன் பல்லைக் கடிக்கிறாய்?"

"ஒன்றுமில்லை அக்கா."

"என்னிடமாவது சொல்லம்மா."

செவ்வி சுற்றிலும் பார்த்தது. "பின்னங்கால் இடுப்போடு விட்டுப்போகிறது அக்கா. காலையில் எழுந்து நிற்பதற்கே நாலு முறை முயல வேண்டியிருக்கிறது. தயவுசெய்து தலைவரிடம் சொல்லிவிடாதீர்கள். என் குட்டி இன்னும் பால் மறக்கவில்லை. நான் ஓரத்துக்குப் போனால் அதுவும் என் பின்னாலேயே வரும்."

நாரை திகைத்து நின்றது. சொன்னால் முள்காடு. சொல்லாவிட்டால் பள்ளம். கடைசியில் அது பெயர் எதுவும் சொல்லாமல் வன்கொம்பனிடம் மன்றாடியது.

"தலைவரே, இன்று நான் பார்த்தது உண்மையான நடை இல்லை. குறை உள்ளவர்களை ஓரத்துக்குத் துரத்தமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுங்கள். பிறகு இன்னொரு முறை பார்க்கிறேன்."

வன்கொம்பன் சிரித்தது. "ஒருவருக்கும் குறையில்லை என்று உன் கண்ணாலேயே பார்த்தாய். ஒருத்தியை ஓரத்தில் விட்டேன், மிச்சமுள்ள இருபத்தாறு பேரும் குணமாகிவிட்டார்கள்! எல்லோருக்கும் கால் நன்றாக இருக்கும்போது அருகிலேயே ஏன் மேய வேண்டும்? நாளை முதல் புல்வெளியின் மறுகோடிக்குப் போவோம். அங்கேதான் பச்சைப் புல் இருக்கிறது."

"அங்கிருந்து பள்ளத்துக்கு வெகுதூரம் ஓடிவர வேண்டுமே!"

"ஓடட்டும். கால் எதற்கு இருக்கிறது?"

மறுநாள் கூட்டம் புறப்பட்டது. தங்களால் அவ்வளவு தூரம் ஓட முடியாது என்று பல மான்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் பகலில் செந்நாய்கள் வந்தன.

மான்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடின. புல்வெளி முடிவதற்குள்ளேயே சில பின்தங்கின. மற்றவை பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தன. நாரை மேலே பறந்தபடி, "செவ்வி! தாண்டாதே! வளைந்து ஓடு!" என்று கத்தியது. குளம்புகளின் ஓசையில் அது கேட்கவில்லை.

செவ்வியின் குட்டி முதலில் தாவி, மறுகரையில் நான்கு கால்களையும் ஊன்றி நின்றது. செவ்வி தாவியபோது பின்னங்கால் உந்தவில்லை. அது பாறைகளின் நடுவே விழுந்தது. அதன் மேல் இன்னொன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. புதர் மறைவில் நேராகக் குதிக்கப் பழகிய மான்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

கடைசியில் வன்கொம்பன் பாய்ந்தது. அதுவும் விழுந்தது.

நாரை பதறிப்போய்ப் பள்ளத்தில் இறங்கியது. தலைவனின் இடது முன்னங்கால் முட்டிக்குக் கீழே முறிந்து தொங்கியது.

"தலைவரே, உங்களுக்குமா?"

"கோடை தொடங்கும் முன்பிருந்தே வலி," என்று முனகியது வன்கொம்பன். "அதனால்தான் முதலில் உன்னைத் தேடி வந்தேன்."

"பிறகாவது சொல்லியிருக்கலாமே!"

"யாரிடம் சொல்வது? ஓரத்துக்குப் போ என்று ஆணையிட்டவனே நான்தானே."

செந்நாய்களுக்குப் பள்ளத்தைத் தாண்டத்தான் முடியாது. இறங்க முடியும். அவை அவசரமில்லாமல் பாறை பாறையாக இறங்கி வந்தன.

"கீழே பார்க்காதே! ஓடு!" என்று செவ்வி தன் குட்டியைப் பார்த்துக் கத்தியது.

குட்டி ஓடவில்லை. கரையோரத்தில் நின்று தாயை அழைத்துக்கொண்டே இருந்தது. நாரை மேலே பறந்து வந்து, அது கீழே பார்க்காதபடி தன் இரண்டு சிறகுகளையும் விரித்து மறைத்தது. கேட்ட சத்தத்தை நாரையால் மறைக்க முடியவில்லை.

நீதி: குறையைச் சொன்னவரைத் தண்டித்தால் குறைதான் மறைந்துகொள்ளும், ஆபத்து மறையாது.