மறு கன்னச் சட்டம்

முத்துக்கரை என்று ஒரு குட்டி நாடு. ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் உடைமரக் காடு. அதை ஆண்டவர் தொம்மை ராஜா. நல்ல மனிதர். ஆனால் நல்ல விஷயம் ஒன்று காதில் விழுந்துவிட்டால், அதை அன்றைக்கே நாடு முழுக்கச் செய்து முடித்துவிட வேண்டும் அவருக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில், அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டச் சொன்ன இயேசுவைப் பற்றிச் சாமியார் பிரசங்கம் வைத்தார். ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அரண்மனைக்கு வந்த கையோடு திவான் கஸ்பாரை அழைத்தார்.

"அடுத்த ஞாயிறுக்குள் என் குடிமக்கள் எல்லாரும் இப்படி ஆகிவிட வேண்டும், கஸ்பார்."

"ஒரு சட்டம் போட்டால் போச்சு, மகாராஜா."

மறுநாளே கன்ன இலாகா திறந்தாகிவிட்டது. அதிகாரிகள் தெருத் தெருவாகப் போவார்கள். எதிரே வருகிறவரை ஓர் அறை அறைவார்கள். அவர் மறு கன்னத்தைக் காட்டினால் கையில் முத்திரை. காட்டாவிட்டால் சாயங்காலப் படகில் ஏற்றி நாடு கடத்தல். பல்வலிக்காரர்கள் மட்டும் வைத்தியரிடம் சீட்டு வாங்கி வரலாம்.

"நாங்கள் மாதா கோவிலுக்கே வருவதில்லையே, எங்களுக்குமா?" என்று மேலத்தெரு முருக பக்தர்களும் துறைமுகத்து மரைக்காயர்களும் சேர்ந்து வந்து கேட்டார்கள்.

"உங்களுக்கும் கன்னம் இரண்டுதானே?" என்றார் திவான்.

மூன்று நாளில் ஊரே மாறிப்போனது. ஆண்கள் தாடி வளர்க்கத் தொடங்கினார்கள். வணக்கம் சொல்ல ஒருவர் கையைத் தூக்கினால் எதிரே நின்றவர் ஓட்டம் பிடித்தார்.

நான்காம் நாள் கன்ன அதிகாரி எஸ்தாக்கி, மீன் விற்கிற மதலேனாளை அறைந்தார். தலையிலிருந்த கூடை மணலில் விழுந்தது. மதலேனாள் மறு கன்னத்தைக் காட்டவில்லை. கைக்கு அகப்பட்ட ஒரு வாளை மீனை வாலோடு பிடித்து எடுத்தாள். இடுப்புவார் போல நீளமான மீன் அது. அதிகாரியின் இடது கன்னத்தில் ஒரே வீச்சு! சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டதாம். மூன்று இல்லாவிட்டாலும் இரண்டு நிச்சயம்.

அவளைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சாட்சியாக மீனும் ஒரு தட்டில் வந்தது.

"இன்றைக்கே படகில் ஏற்றுங்கள்," என்றார் திவான்.

"மகாராசா, எனக்கு வேற ஊரே தெரியாது," என்று மதலேனாள் அழுதாள். "வீட்டுல ரெண்டு பிள்ளைங்க பசியோட வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கும்."

ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. சட்டமும் அவருடையதாயிற்றே! அவை விகடர் இஞ்ஞாசியைப் பாவமாகப் பார்த்தார்.

இஞ்ஞாசி எழுந்தார். "ஏம்மா, அதிகாரி அறைந்தபோது மறு கன்னத்தைக் காட்டினாயா?"

"இல்லீங்க. கை முந்திக்கிச்சு."

"ஒப்புக்கொண்டாள்!" என்று துள்ளினார் திவான்.

"பொறுங்கள் ஐயா. எஸ்தாக்கி, இந்த அம்மாள் உம்மை அடித்தாள் அல்லவா? உடனே உமது வலது கன்னத்தைக் காட்டினீரா?"

எஸ்தாக்கி விழித்தார். "நான்... நாலு சிப்பாய்களைக் கூப்பிட்டேன்."

"அவர் அரசாங்க அதிகாரி!" என்றார் திவான். "கடமையில் இருந்தார்!"

"சட்டத்தைக் கொஞ்சம் வாசியுங்களேன்."

திவான் ஓலையைப் பிரித்தார். "நாட்டில் கன்னம் உள்ள எவராயினும்..." குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"அப்படியானால் படகில் இரண்டு பேர்."

"ஐயோ, எனக்குக் கடல் ஒத்துக்காது!" என்று எஸ்தாக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

ராஜா முகம் சுளித்தார். "என் சட்டம் தப்பு என்கிறாயா, இஞ்ஞாசி?"

"அப்படிச் சொல்வேனா, மகாராஜா? சோதனைதான் இன்னும் முடியவில்லை. கன்னம் உள்ளவர் ஒருவர் பாக்கி."

சபை முழுவதும் சிம்மாசனத்தைப் பார்த்தது. ராஜாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"எஸ்தாக்கிக்கு இன்று உடம்பு சரியில்லை," என்றார் இஞ்ஞாசி. "இன்று ஒரு நாள் மட்டும் மதலேனாளை அந்த வேலைக்கு வைக்கலாம். மீனும் தயாராக இருக்கிறது."

மதலேனாள் கண்ணைத் துடைத்தாள். தட்டிலிருந்து வாளை மீனை எடுத்தாள்.

ராஜா சிம்மாசனத்தின் மேல் ஏறி நின்றுவிட்டார். "ரத்து! சட்டம் ரத்து! அந்த அம்மாள் வீட்டுக்குப் போகட்டும்!"

இஞ்ஞாசி மெல்லச் சொன்னார்: "மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர் தன் கன்னத்தைத்தான் கொடுத்தார், மகாராஜா. அடுத்தவர் கன்னத்தைச் சோதிக்க ஆள் அனுப்பவில்லை."

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "சாமியார் அரை மணி நேரம் சொன்னதை நான் நாலே நாளில் கெடுத்துவிட்டேனே! கிட்டே வா, இஞ்ஞாசி."

தன் பட்டுச் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்த ராஜா கையை உயர்த்தினார்.

அவ்வளவுதான். சபையில் இருந்த அத்தனை பேரும் இரண்டு கன்னங்களையும் பொத்திக்கொண்டார்கள். திவான் மேசைக்கு அடியில் புகுந்தார்.

மதலேனாள் மட்டும் பொத்தவில்லை. மீனின் வாலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.