வளையல்காரர் போனதும் நின்ற அழுகை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, ஆலங்கோட்டைச் சீமையை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காற்றடித்த பக்கம் சாய்கிற மனசு. காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசாகக் கொடுப்பான். சாயந்திரம் அவன் சபையில் தும்மிவிட்டான் என்று அதைப் பிடுங்கிக்கொள்வான். வெள்ளிக்கிழமைதோறும் வளையல்காரனாக வேஷம் கட்டி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றுவது அவன் வழக்கம். "ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எவனும் எனக்குச் சொல்லவேண்டாம். என் காதாலேயே கேட்கிறேன்" என்று மார்தட்டுவான்.

அந்தக் காதையே வளைத்துப்போட்டான் ஒரு பாவி. பிரதானி மணவாளராயன் என்று பேர். மந்திரி கூத்தபிரானின் ஆசனத்தின்மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். அவன் மைத்துனனுக்கோ வேல் அடிக்கிற பட்டறை. சண்டை வந்தால் இரண்டு பேருக்கும் கொண்டாட்டம்! மணவாளராயன் கோட்டைக்கு வெளியே ஒரு மடம் கட்டினான். வெளியே ஜால்ராச் சத்தம், உள்ளே வாய் வியாபாரம். எந்த முக்கில் நின்று பெருமூச்சு விடுவது, யார் மண்ணை வாரித் தூற்றுவது, எல்லாம் அங்கே பாடம். ஊரான் பிள்ளைகளைச் சாகக் கொடுக்க உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். கேட்கவே வயிறு எரிகிறதா இல்லையா?

ஒரு வெள்ளிக்கிழமை ராஜா சிவந்த கண்ணோடு சபைக்கு வந்தான். "அக்கரை மருதங்கோட்டையான் நம் ஆட்களைக் கொன்று ஆற்றில் போடுகிறானாம்! ஒரு பெண்பிள்ளை புருஷனைப் பறிகொடுத்துத் தெருவில் புரள்கிறாள். தெருவுக்குத் தெரு 'சண்டை வேண்டும்' என்கிறார்கள். நாளைச் சாயந்திரம் போர் முரசு!"

கூத்தபிரான் ஆசனத்தைவிட்டு எழுந்துவிட்டார். அவருடைய ஒரே மகள் தையல்நாயகியைக் கட்டிக்கொடுத்தது அக்கரையில்தான். மாசமாக வேறு இருந்தாள்.

"மந்திரியார் முகம் ஏன் வாடுகிறது? சம்பந்தி வீட்டு உப்பு தொண்டையில் நிற்கிறதோ?" என்றான் மணவாளராயன்.

"நிற்கத்தான் நிற்கிறது ராயரே. என் பெண் அங்கே இருக்கிறாள், நான் மறைக்கவில்லை. உங்கள் பிள்ளை எந்தப் படையில் போகிறான்?"

"அவனுக்கு... சளி பிடித்திருக்கிறது."

சபை கொல்லென்று சிரித்தது. ஆனால் ராஜா சிரிக்கவில்லை.

சபை கலைந்ததும் மந்திரி ராஜாவைத் தனியாகப் பிடித்தார். "மகாராஜா, பிணம் மிதக்கிற ஆற்றில் நம் படகுக்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு அக்கரைக்குப் போய்வருகிறார்கள். எனக்கு இடிக்கிறது. நாளைக் காலையில் இன்னொரு தடவை தெருவுக்கு வாருங்கள். ஆனால் வளையல்காரர் வேறு ஆள்."

"பொய்யானால் உம் தலை தங்காது, கூத்தபிரான்!"

"போகட்டும். அதுவரை முரசு சும்மா இருக்கட்டும்."

வளையல்காரர் நாளையும் வருகிறார் என்ற சேதியை மட்டும் மணவாளராயன் காதில் விழும்படி கசியவிட்டார் மந்திரி.

மறுநாள் காலை. அரண்மனைச் சமையல்காரர் பொன்னையாவுக்கு ராஜாவைப் போலவே தொந்தி, அதே அசைந்தாடுகிற நடை. வளையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னே போனார். ராஜாவும் மந்திரியும் முகத்தில் புழுதி பூசிக்கொண்டு, "அம்மி கொத்தலையோ அம்மி!" என்று கூவிக்கொண்டு பின்னே போய்த் தெருமுக்கில் உட்கார்ந்தார்கள்.

வளையல் பெட்டி கண்ணில் பட்டதுதான் தாமதம், தெருவே பொங்கியது. "பழிக்குப் பழி!" என்றான் ஒருவன். "என் ராசா போயிட்டியே!" என்று ஒருத்தி தரையில் விழுந்து புரண்டாள். பொன்னையா தலை மறைந்தது. அழுகை பட்டென்று நின்றது! பழிக்குப் பழி கேட்டவன் மடியிலிருந்து சுண்டலை எடுத்தான். "சீக்கிரம்யா, அவர் கோயில் தெருவுக்குப் போறதுக்குள்ள சந்து வழியா ஓடணும்" என்று எல்லோரும் ஓடினார்கள். அந்தப் பெண் மட்டும் காலில் முள் குத்தி நின்றுவிட்டாள். அவள் பேர் செவ்வந்தி.

ராஜா கையில் பிடித்த உளியோடு அவளிடம் போனான். "ஏம்மா, உன் புருஷன் சாகவே இல்லையா?"

"செத்தார் அண்ணே. ஆனா அக்கரையான் கொல்லல. போன சண்டைக்கு நம்ம ராஜா கூட்டிட்டுப் போனார், திரும்பி வரல. அப்போ நெசமா அழுதேன். அரண்மனை வாசல்ல போய் அழுதேன், காவக்காரன் கம்பால தள்ளினான். இப்போ பொய்யா அழறேன், ராயர் மடத்துல அரிசி போடறாங்க. அந்த வளையல்காரர்தான் ராஜாவாம். நெச அழுகையைக் கேக்காத மனுசனுக்கு இது போதும்."

உளி ராஜாவின் கையிலிருந்து நழுவி விழுந்தது. வேஷத்தைக் கலைத்துவிட்டு நேரே சபைக்குப் போனான்.

சபையில் மணவாளராயன் எழுந்து, "மகாராஜா, ஜனங்கள் துடிக்கிறார்கள்! முரசு..." என்று ஆரம்பித்தான்.

"எந்த ஜனங்கள்? சுண்டல் தின்கிற ஜனங்களா?" என்று கர்ஜித்தான் ராஜா. "வெட்கமாயில்லை உனக்கு? என் தெருவை நாடகக் கொட்டகை ஆக்கினாயே! எடு அந்த வளையல் பெட்டியை. தெருத்தெருவாகப் போ. 'இங்கே கேட்டதெல்லாம் நான் கூலி கொடுத்துப் பேசவைத்தது' என்று உன் வாயால் கூவு. மடத்தைப் பூட்டுங்கள். முரசை அவிழ்த்து வையுங்கள்!"

பிறகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான். கூத்தபிரான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வாங்கினால் நானும் கூலிக்குப் பேசினவன் ஆகிவிடுவேன், மகாராஜா. என் மகள் பிழைத்தாள், அது போதும். வேண்டுமானால் வாசலில் காவல்காரன் பிடித்து நிற்கிற கம்பை எடுத்துவிடுங்கள்."

அடுத்த வெள்ளிக்கிழமை ராஜா வேஷம் கட்டவில்லை. அரண்மனை வாசற்படியில் வந்து உட்கார்ந்தான். செவ்வந்தியைக் கூட்டிவந்தார்கள். அம்மி கொத்தினவர் யாரென்று தெரிந்ததும் அவள் பயந்து பின்வாங்கினாள்.

"பயப்படாதே அம்மா. அன்றைக்கு இந்த வாசலுக்கு அழ வந்தாயே, அதை இப்போது அழு" என்றான் ராஜா.

அவள் அழுதாள். அழுது முடிக்கிறவரைக்கும் ராஜா அந்தப் படியைவிட்டு எழுந்திருக்கவில்லை.