பணியாரக் கடையைக் காலி பண்ணின ஆசாமி

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி பூவரசை நாட்டைக் கெம்பீரசிங்கன்னு ஒரு ராசா ஆண்டுக்கிட்டிருந்தார். ஆண்டார்னு பேருதான், பாதிப் பொழுது பல்லக்குல சுத்திக்கிட்டிருப்பார். அவரு பாட்டுக்குச் சுத்தட்டும், நமக்கென்ன? ஆனா சுத்துனதுல ஒரு வினை வந்துச்சு, கேளுங்க.

ஊர் எல்லையில ஒரு பெரிய கல்விச்சாலை கட்டினார் ராசா. நாலா திசையிலேருந்தும் மாணாக்கர்கள் வந்து குவிஞ்சாங்க. மந்திரி ஆவுடையப்பர், "மகாராசா, படிக்கிற பசங்களுக்குப் பசி ஜாஸ்தி. வாசலுக்கு எதிர்ல ஒரு கடைத்தெரு போடுவோம்"னார். போட்டாங்க. எழுத்தாணிக் கடை வந்துச்சு, மோர்க் கடை வந்துச்சு, செருப்புக் கடை வந்துச்சு. இருந்த ஒரே எருமையை வித்துப் பணியாரக் கடை வச்சா பூவாயி. அவ பணியாரத்துக்குத் தொட்டுக்கச் சட்னிகூட வேண்டாம், அப்படி இருக்கும்!

ராசாவுக்குத் தலைகால் புரியலை. "என் தெருவுல எப்படிக் கூட்டம் அம்முதுன்னு நானே பார்க்கணும்"னு தினமும் சாயங்காலம், பாடம் முடிஞ்சு மணியடிக்கிற நேரமாப் பார்த்துக் கிளம்பிடுவார். முன்னால தாரை, பின்னால தப்பட்டை.

அந்த நாட்டுல ஒரு வழக்கம். ராசா பல்லக்கு வந்தா உட்கார்ந்தவன் எழுந்திருக்கணும், தோள் துண்டை இடுப்புல கட்டணும், வாயைப் பொத்திக்கிட்டு நிக்கணும். வாய் அசைஞ்சா ராச நிந்தனை, சவுக்கடி. அப்புறம் எந்தப் பய பணியாரம் திம்பான்? தாரைச் சத்தம் கேட்டதுமே பசங்க சுவரேறிக் குதிச்சுப் பசியோட ஓடிட்டாங்க.

பல்லக்குத் திரையை விலக்கிப் பார்த்த ராசாவுக்கு முகம் தொங்கிப் போச்சு. "ஈ ஓட்டுறாங்களேய்யா!"

கூடவே நடந்து வந்த பல்லக்கு அதிகாரி வரதப்பருக்கு வாயெல்லாம் பல்லு. அவருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. "நான் அப்பவே சொன்னேனே மகாராசா! பூவாயி பணியாரம் கல்லுங்க. யாராவது வாயில வைக்கிறானா பாருங்க. தெருவை இடிச்சுட்டுப் பல்லக்குக் கொட்டகை கட்டுவோம்."

"பொறு, நாளைக்கும் வந்து பார்ப்போம். இன்னும் நாலு தாரை சேர்த்துக்க, கூட்டம் வரும்!"

எப்படி வரும்? மோர்க் கடை மூடியாச்சு, செருப்புக் கடையும் மூடியாச்சு. கடைசியில ராசாவுக்கும் சலிச்சுப்போய், "அமாவாசைக்கு மறுநாள் இடிச்சுடு"ன்னுட்டார்.

பூவாயி மந்திரி வீட்டுக்கு ஓடினா. "ஐயா, எருமையும் போச்சு, கடையும் போனா நான் எங்கே போய் நிப்பேன்? பசங்க ஆசையா வர்றாங்க, பணியாரத்தைப் பிட்டு வாய்க்கிட்ட கொண்டுபோவாங்க, தாரை ஊதிடுதே!"

மந்திரி தலையைச் சொறிஞ்சார். "இதை நேரா சொன்னா, நான் சொறியிற தலையே இருக்காதே அம்மா. நாளைக்குப் பணியாரம் மட்டும் சூடா இருக்கட்டும், போ."

மறுநாள் சபையில மந்திரி சொன்னார்: "மகாராசா, ஒரு ஆசாமி தினமும் வந்து தெருவையே காலி பண்ணிட்டுப் போறானாம்."

"யாருடா அவன்? அவனுக்குப் பாதி மீசையை எடுத்துடறேன்!"

"மாறுவேஷத்துல பூவாயி கடையில உட்காருங்க, கண்ணாலேயே பார்க்கலாம். பல்லக்கும் வழக்கம்போல வரணும், இல்லேன்னா சந்தேகப்படுவான். உள்ளே வரதப்பர் உட்காரட்டும்."

பல்லக்குல ஏறுறதுன்னா வரதப்பருக்குக் கசக்குமா? குளிச்சு, சந்தனம் பூசி, மத்தியானமே ஏறி உட்கார்ந்துட்டார்.

சாயங்காலம் அழுக்கு வேட்டியில ராசா கடைக்குள்ள போய் உட்கார்ந்தார். மாணாக்கர் கூட்டம் திமுதிமுன்னு வந்து நெருக்கிச்சு. அவருக்கு ஒரே ஆச்சரியம். இலையில பணியாரம் வந்துச்சு. அரண்மனையில அப்படி ஒரு வாசனையே அவர் கண்டதில்லை. ஒண்ணைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனார்.

பாம்ம்ம்ம்!

"ஐயையோ, வந்துட்டான்டா!" பெஞ்சு கவிழ்ந்துச்சு. ஒருத்தன் ராசா தலைமேலயே தாண்டிக் குதிச்சான். பூவாயி ஓடிவந்து ராசா கையிலிருந்த பணியாரத்தை வெடுக்குனு பிடுங்கினா. "வாயை மூடுய்யா, சவுக்கடி வாங்கப் போறியா? எழுந்து ஓடு!"

"ஏம்மா, என் பணியாரம்!"

"உசிரு பெரிசா, பணியாரம் பெரிசா?" ஒரே தள்ளு. ராசா புழக்கடையில சாம்பல்மேல போய் விழுந்தார்.

அங்கே மந்திரி வாயைப் பொத்திக்கிட்டு நின்னார். "ஆசாமியைப் பார்த்தீங்களா மகாராசா?"

ராசா வேலி வழியா எட்டிப் பார்த்தார். காலித் தெருவுல தாரை தப்பட்டையோட அவரோட பல்லக்கு ஆடி ஆடிப் போய்க்கிட்டிருந்துச்சு. "அட, நானா?"

"சீச்சீ! இன்னிக்குப் பல்லக்குல இருக்கிறவர் வரதப்பருங்க" என்றார் மந்திரி, ரொம்பப் பணிவா.

ராசா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். அன்னிக்கே வரதப்பருக்குப் பாதி மீசை போச்சு. பூவாயியைக் கூப்பிட்டு, "கடை உனக்கே சொந்தம். எருமையும் தர்றேன். வேற என்ன வேணுமோ கேளு!" என்றார்.

பூவாயி நெளிஞ்சா. "மகாராசா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க இனிமே இந்தப் பக்கம் வராம இருந்தாப் போதும்."

"அப்போ நான் எப்படிப் பணியாரம் திங்கிறது?"

"ஆளை அனுப்புங்க, இலையில கட்டித் தர்றேன்."

பாதி மீசைக்காரருக்குத்தான் அந்த உத்தியோகம். முதல் நாளே வரதப்பர் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கிட்டு, "விலகு, விலகு! ராசாவுக்குப் பணியாரம்!"னு கத்தினார்.

வாய் நிறைய மென்னுக்கிட்டே ஒரு மாணாக்கன் திரும்பிப் பார்த்தான்.

"யாருக்கா இருந்தா என்ன, வரிசையில வாங்க."